எங்கிருந்து தொடங்குவது? டேவிட் கிரேபரின் நூல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிடவியலாளர் டேவிட் கிரேபரின் பெயரை ஒருமுறை உச்சரித்துவிட்டால் போதும், அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. "கடனைக் கட்டவே வேண்டாம் என்று சொன்னவர்தானே?" என்பது அவற்றில் முதலாவது. வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன். சில இடங்களில் அவரோடு எனக்குச் சண்டை உண்டு; அதையும் மறைக்கவில்லை.

யார் இவர்?

1961 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா அச்சகத் தொழிலாளி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்காக ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அம்மா தையல் தொழிலாளி. தொழிற்சங்கம் மேடையேற்றிய ஓர் இசை நாடகத்தில் முக்கிய வேடத்தில் நடித்தவர். மகன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஷல் சாலின்ஸிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அதற்காக 1989 முதல் 1991 வரை மடகாஸ்கரில் தங்கியிருந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் வேலை. 2005 இல் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று யேல் முடிவெடுத்தது; அதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடந்தது. அதன்பின் லண்டன்: முதலில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி, 2013 முதல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். 2020 செப்டம்பர் 2 அன்று வெனிஸ் நகரில் திடீரென இறந்துபோனார். வயது 59.

பொருளாதார மானிடவியல் என்றால் என்ன? பொருளியலிலிருந்து அது எங்கே பிரிகிறது?

ஒரு பொருளுக்கு என்ன விலை, அந்த விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று பொருளியல் கேட்கும். இதற்கெல்லாம் விலை வைக்கலாம் என்று எப்போது, யார் முடிவு செய்தார்கள் என்று மானிடவியல் கேட்கும்.

பாடப்புத்தக உதாரணம் குலா. பாப்புவா நியூகினியின் கிழக்கே இருக்கும் தீவுகளில் சிப்பி மாலைகள் ஒரு திசையில் தீவு தீவாகச் சுற்றிவரும். சங்கு வளையங்கள் எதிர்த்திசையில் சுற்றிவரும். இவற்றுக்காக ஆண்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடலில் படகோட்டிப் போவார்கள். கொண்டுவந்ததைக் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த வளையங்களில் பல அணிந்துகொள்ளவே லாயக்கற்றவை. 1922 இல் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இதை எழுதியபோது, லாபத்தைத் தவிர வேறெதற்கும் மனிதன் அசைய மாட்டான் என்று நம்பியிருந்தவர்களுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. 1925 இல் மார்செல் மோஸ் கொடையைப் பற்றி எழுதினார். 1944 இல் கார்ல் போலான்யி சந்தைச் சமூகம் உருவான கதையை எழுதினார். 1972 இல் சாலின்ஸ் கற்காலத்துப் பொருளாதாரத்தை எழுதினார். கிரேபர் இந்தப் பரம்பரையில் வந்தவர், அதிலும் மோஸின் பக்தர்.

அவருடைய எல்லா நூல்களிலும் ஓடும் சரடு என்று ஒன்று உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். தமிழ் வாசகருக்கு அதை விளக்க ஒரே சொல் போதும்: கடன்.

நன்றிக்கடன், செஞ்சோற்றுக் கடன், நேர்த்திக்கடன், காலைக்கடன் என்று எத்தனையோ கடன்கள் நம்மிடம் இருக்கின்றன. கடன்காரனும் இருக்கிறான். நன்றிக்கடனுக்கு வட்டி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது நன்றியாகவே இருக்காது. கடன்காரனோ வட்டி மட்டும்தான் கேட்பான். கடமைக்கும் வட்டிக்கு வாங்கிய பணத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல்தான். தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் முன்னோர்களுக்கும் பட்ட கடனோடுதான் மனிதன் பிறக்கிறான் என்கின்றன வேத காலப் பிராமண நூல்கள். இவற்றையெல்லாம் கிரேபர் ஓர் அத்தியாயம் முழுக்கத் தோண்டுகிறார். தமிழ்ச் சொல் அவர் கண்ணில் பட்டிருந்தால் இன்னும் நான்கு பக்கம் கூடியிருக்கும்.

அவர் கேட்பது இதுதான்: கடமை எந்த இடத்தில் எண்ணாக மாறுகிறது? அப்படி மாற்ற யாருடைய பலம் தேவைப்பட்டது? எந்த நூலைத் திறந்தாலும் இதைத்தான் வேறுவேறு ஊர்களில், வேறுவேறு காலங்களில் வைத்துப் பார்க்கிறார்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

2011 இல் வெளிவந்த 'கடன்: முதல் 5,000 ஆண்டுகள்'. ஆங்கிலத்தில் 'டெட்' என்று தேடினால் கிடைக்கும். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் நீளும். மலைக்க வேண்டாம். முதலில் 1, 2, 5 ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். பிடித்திருந்தால் 8 ஆம் அத்தியாயத்திலிருந்து வரலாற்றுப் பகுதிக்குள் போகலாம். 6, 7 அத்தியாயங்கள் அடிமை முறை, பெண்களை ஈடு வைத்தல், மானம் ஆகியவற்றைப் பற்றியவை. நூலின் இதயமே அங்கேதான் இருக்கிறது என்றாலும் மனம் கனக்கும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பொருளியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்திருந்தால் கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான்.

பண்டமாற்றிலிருந்துதான் பணம் வந்தது என்று பள்ளியில் படித்தோமே?

எல்லோரும் அப்படித்தான் படித்தோம். முதலில் பண்டமாற்று இருந்தது. அது சிரமமாக இருந்ததால் பணத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு வங்கியும் கடனும் வந்தன. 1776 இல் ஆடம் ஸ்மித் கொடுத்த வடிவம் இது. இறைச்சிக்காரரிடம் தேவைக்கு மேல் இறைச்சி இருக்கிறது; ரொட்டிக்காரருக்கு அது வேண்டும்; ஆனால் இறைச்சிக்காரருக்கு ரொட்டி வேண்டாம். அப்போது வியாபாரம் நின்றுபோகிறதாம்.

கிரேபர் கேட்பது எளிய கேள்வி. இவர்கள் ஒரே ஊர்க்காரர்கள், தினமும் முகம் பார்ப்பவர்கள். வியாபாரம் எதற்காக நிற்க வேண்டும்? "எடுத்துக்கொண்டு போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார் இறைச்சிக்காரர். கணக்கு மனத்தில் இருக்கும். ஆக, முதலில் வருவது கடன்.

இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. முழுக்க முழுக்கப் பண்டமாற்றில் நடந்த பொருளாதாரம் ஒன்றுகூட இதுவரை பதிவாகவில்லை என்று கேம்பிரிட்ஜ் மானிடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி 1985 லேயே எழுதிவிட்டார். அது ஆய்விதழில் கிடந்தது. கிரேபர் தெருவுக்குக் கொண்டுவந்தார். பண்டமாற்று உண்மையில் எங்கே நடக்கிறது? மறுபடி பார்க்கப்போவதில்லை என்று நினைக்கும் அந்நியர்களுக்கு இடையே. அல்லது, பணத்தில் பழகிய மக்களிடமிருந்து பணம் காணாமல் போகும்போது. 1990களின் ரஷ்யாவில் அப்படி நடந்தது. 2002 ஐ ஒட்டி அர்ஜென்டினாவிலும் நடந்தது.

பழைய மெசப்பொத்தேமியாவைப் பாருங்கள். கோயில் கணக்கர்கள் ஒரு ஷெகல் (எடை அளவு) வெள்ளிக்கு ஒரு குர் (தானிய அளவு) பார்லி என்று ஈடு வைத்திருந்தார்கள். அந்த வெள்ளியின் பெரும்பகுதி கோயில் கருவூலத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. விவசாயி மதுக்கடையில் கணக்கு எழுதிவைத்துக் குடித்துவிட்டு, அறுவடை முடிந்ததும் பார்லியாகக் கொண்டுபோய்க் கொட்டித் தீர்ப்பார். முதல் நாணயங்கள் அச்சாவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தைய நிலை இது.

இடைக்கால இங்கிலாந்தில் கணக்கு ஒரு குச்சியில் இருந்தது. ஹேசல் மரக் குச்சியில் கடன் தொகைக்கேற்ப வெட்டுக்குறிகள் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி கொடுத்தவரிடம், மறு பாதி வாங்கியவரிடம். சேர்த்து வைத்தால் மர ரேகை பொருந்த வேண்டும், ஏமாற்ற வழியில்லை. (அரசுக் கருவூலத்தில் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று உலையில் போட்டு எரிக்கப்போய், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது தனிக் கதை.)

கிரேபரின் வரலாறு இந்த ஊசலாட்டத்தைத்தான் தொடர்கிறது: கணக்கும் நம்பிக்கையும் பணமாக இருக்கும் காலங்கள், உலோகம் பணமாக இருக்கும் காலங்கள். கி.மு. 800 முதல் கி.பி. 600 வரை நாணயங்களின் காலம். படை, நாணயம், அடிமை மூன்றும் கைகோத்த காலம். முகம் தெரியாத படைவீரனுக்கு யாரும் கணக்கு எழுதிக் கடன் கொடுக்க மாட்டார்கள்; அவன் கையில் உலோகம் இருந்தாக வேண்டும். 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தார். அன்று மறுபடி ஒரு கணக்குப் பணக் காலம் தொடங்கியது என்கிறார்.

மடகாஸ்கர் ஏன் இத்தனை முறை வருகிறது?

அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். 1895 இல் பிரான்ஸ் அந்தத் தீவைப் படையெடுத்துப் பிடித்தது. தளபதி கல்லியேனி செய்த முதல் வேலைகளில் ஒன்று தலைவரி விதித்தது. படையெடுப்புச் செலவை, படையெடுக்கப்பட்டவர்களே கொடுக்க வேண்டும்! வரியைப் புதிதாக அச்சடித்த மலகாசி ஃபிராங்கில்தான் கட்ட வேண்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒழுக்கம் கற்பிக்கும் வரி. அறுவடை முடிந்த கையோடு வரிக் கெடு வரும். ஃபிராங்குக்காக விவசாயி நெல்லை வியாபாரியிடம் விற்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை சரிந்து கிடக்கும். சில மாதங்களில் வீட்டு நெல் தீர்ந்துபோகும். விற்ற நெல்லையே அதே வியாபாரியிடம் ஏறிய விலைக்கு, கடனாக, திரும்ப வாங்குவார். சந்தை தானாக முளைத்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நெல்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது காட்சி அவர் அங்கே இருந்த காலத்தையொட்டியது. பன்னாட்டு நிதியம் கேட்ட சிக்கன நடவடிக்கைகளால் கொசு ஒழிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. மலைநாட்டில் ஒழிந்துபோயிருந்த மலேரியா திரும்பி வந்தது. பத்தாயிரம் பேர் இறந்தார்கள் என்று எழுதுகிறார்.

ஆய்வு செய்த பெத்தாஃபோ என்ற கிராமத்தைப் பற்றித் தனி நூலே இருக்கிறது: 'லாஸ்ட் பீப்பிள்', 2007. பிரபு வம்சத்தினரும் அவர்களுடைய பழைய அடிமைகளின் வழிவந்தவர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். அடிமை முறை 1896 இல் சட்டப்படி ஒழிந்தது, நினைவில் ஒழியவில்லை. அவருடைய நூல்களில் மிகக் குறைவாகப் படிக்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

அப்படியானால் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்கிறாரா?

இல்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தோட்டத்தில் ஒரு விருந்து. மேலே சொன்ன மலேரியாக் கதையை அவர் விளக்குகிறார். சமூகப் பணிகளில் ஈடுபாடுள்ள ஒரு பெண் வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆனாலும் வாங்கிய கடனைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" என்கிறார். 'கடன்' நூல் தொடங்குவது இங்கே. நல்ல மனம் கொண்ட ஒருவருக்குக்கூட இந்த ஒரு வாக்கியம் எல்லா நியாயங்களுக்கும் மேலான நியாயமாக எப்படித் தெரிகிறது என்பதே அவருடைய வியப்பு. கடன் கொடுப்பவருக்கும் ஆபத்துப் பங்கு உண்டு, அதனால்தானே வட்டி என்று பொருளியலின் சொந்த விதியையே எடுத்துக்காட்டுகிறார்.

கடன் தள்ளுபடி புதிய விஷமத்தனமும் அல்ல. சுமார் கி.மு. 2400 இல் மெசப்பொத்தேமியாவின் சுமேரியப் பகுதியில் இருந்த லகாஷ் நகர மன்னன் என்மெதேனா கடன்களை ரத்து செய்தான். அதற்குச் சுமேரியர் வைத்திருந்த சொல் அமார்கி. விடுதலை என்று பொருள் கொள்ளப்படும் அச்சொல்லின் நேர்ப்பொருள் தாயிடம் திரும்புதல். கடனுக்கு ஈடாகப் போன பிள்ளைகள் அன்றைக்கு வீடு திரும்பினார்கள்.

5 ஆம் அத்தியாயத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

மனித உறவுகளில் மூன்று அறங்கள் கலந்து ஓடுகின்றன என்கிறார். முதலாவது, முடிந்தவர் கொடுப்பதும் வேண்டியவர் பெறுவதும். இதை அவர் கூச்சமில்லாமல் கம்யூனிசம் என்றே அழைக்கிறார். குழாய் சரிசெய்பவர் "அந்த ஸ்பேனரை எடு" என்றால், "எடுத்துக் கொடுத்தால் எனக்கு என்ன தருவாய்?" என்று கூட வேலை செய்பவர் கேட்பதில்லை, மிகப் பெரிய முதலாளித்துவ நிறுவனத்திலும்கூட. இரண்டாவது, பரிமாற்றம்: சமமானவர்கள் கொடுத்து வாங்கிக் கணக்கை முடித்துக்கொண்டு விலகிப்போகலாம். மூன்றாவது, மேல்கீழ்: பழக்கமும் முன்னுதாரணமும் ஆளும் இடம்.

கடன் எங்கே வருகிறது? சமமாக இருக்க வேண்டிய இருவர், கணக்கு தீரும்வரை சமமில்லாமல் இருக்கும் இடைவெளியில். இந்த ஒரு வரிக்காகவே அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன்.

2001 இல் வந்த மதிப்புக் கோட்பாட்டு நூல் கடினமாமே?

கடினம்தான். மதிப்பு என்ற சொல்லை நாம் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறோம்: வாழ்க்கையில் எது நல்லது என்பதற்கு, பொருளின் விலைக்கு, மொழியியலில் சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு. மூன்றையும் ஒரே கோட்பாட்டில் கொண்டுவர முடியுமா என்று பார்க்கும் நூல் அது. மதிப்பு பொருளில் இல்லை. மனிதர்கள் தங்கள் செயல்களுக்குக் கொடுக்கும் முக்கியத்துவமே பொருளில் தெரிகிறது என்பது அவர் முடிவு. வட அமெரிக்காவின் வாம்பம் சிப்பிமணிகள் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். ஐரோப்பியக் குடியேறிகள் அவற்றைச் சில்லறைக் காசாகப் புழங்கினார்கள். அங்கிருந்த பூர்வகுடிகளான இரோகுவா மக்களோ தங்களுக்குள் அவற்றால் எதையும் விலைக்கு வாங்கவில்லை. உறவை ஏற்படுத்தவும் இறந்தவருக்காகத் துக்கம் ஆற்றவும் கொடுத்துக்கொண்டார்கள். மணி ஒன்றேதான்.

'வெட்டி வேலை' புத்தகம் பற்றி?

ஆங்கிலத் தலைப்பு 'புல்ஷிட் ஜாப்ஸ்', 2018. அதற்கு நான் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் வெட்டி வேலைகள். இதில் ஒரு வேடிக்கை: சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் வாங்கப்படும் உழைப்பு. கிரேபர் சொல்வது நேரெதிர். கூலி வருகிறது, உழைப்புக்குத்தான் பொருள் இல்லை.

2013 இல் ஒரு சிறு பத்திரிகையில் எழுதிய கட்டுரை பற்றிக்கொண்டதால் பிறந்த நூல். தொழில்நுட்பம் வளர்ந்தால் வாரம் 15 மணி நேர வேலை போதும் என்று 1930 இல் பொருளியலாளர் கெயின்ஸ் சொன்னது ஏன் நடக்கவில்லை என்பது கேள்வி. நூலில் வரும் ஒரு காட்சி: ஜெர்மன் ராணுவ அலுவலர் ஒருவர் இரண்டு அறை தள்ளி இடம் மாறுகிறார். கணினியை அவரே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. படிவம் போக வேண்டும். ஒப்பந்த நிறுவனம், அதன் துணை ஒப்பந்த நிறுவனம், அதற்கும் ஒரு துணை. கடைசியில் ஒருவர் வாடகைக் காரில் 100 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டி வந்து, கணினியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்து, பக்கத்து அறைக்கு எடுத்துப்போக வைத்து, மறுபடி மாட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப ஓட்டிப்போகிறார். மொத்த இடமாற்றம் ஐந்து மீட்டர்.

மற்ற நூல்கள்?

'விதிகளின் கற்பனை உலகம்' என்று சொல்லத்தக்க 2015 கட்டுரைத் தொகுப்பு, படிவங்களைப் பற்றியது. சந்தைச் சீர்திருத்தம் ஒவ்வொன்றும் விதிகளையும் படிவங்களையும் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கியே விடுகிறது என்பது அதன் வாதம். நோயுற்ற அம்மாவுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த முதல் கட்டுரை போதும்; மற்றவை ஒரே தரத்தில் இல்லை.

தொல்லியலாளர் டேவிட் வெங்ரோவுடன் எழுதிய 'தி டான் ஆஃப் எவ்ரிதிங்' அவர் இறந்தபின் 2021 இல் வந்தது. எழுநூறு பக்கத்தை நெருங்குகிறது. விவசாயம் வந்தது, அதனால் நகரம் வந்தது, அதனால் அரசனும் ஏற்றத்தாழ்வும் வந்தே தீர வேண்டியிருந்தது என்ற படிக்கட்டுக் கதையை உடைப்பதே வேலை. மாளிகையோ கோட்டையோ தென்படாத உக்ரைன் பகுதிப் பழம்பெரும் குடியிருப்புகள் பற்றிய பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.

தவறுகளே இல்லையா?

இருக்கின்றன, சில மோசமானவை. 'கடன்' முதல் பதிப்பில் ஆப்பிள் நிறுவனத்தைப் பற்றி ஒரு வாக்கியம் உண்டு: ஐபிஎம்மிலிருந்து பிரிந்துவந்த பொறியாளர்கள் 1980களில் தொடங்கியதாம். ஆப்பிள் தொடங்கப்பட்டது 1976 இல். தொடங்கியவர்கள் ஐபிஎம்காரர்களும் அல்லர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். அடித்ததில் தவறில்லை, அதைக் காட்டி சுமேரியாவையும் சேர்த்துத் தள்ளியதுதான் தவறு.

வெட்டி வேலை நூலின் குறை இதைவிடப் பெரியது. தங்கள் வேலையால் உலகுக்குப் பொருளுள்ள பங்களிப்பு எதுவும் இல்லை என்று பிரிட்டனில் 37 விழுக்காட்டினர் சொன்ன ஒரு கருத்துக்கணிப்பின் மேல்தான் அவர் கட்டடம் எழுப்பினார். ஐரோப்பிய நாடுகளின் பெரிய ஆய்வுத் தரவை வைத்து 2021 இல் வந்த கட்டுரையோ, தம் வேலை பயனற்றது என்று கருதுவோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டியது. கேள்வி கேட்ட விதம் வேறு என்று சமாதானம் சொல்லலாம். முழுச் சமாதானம் ஆகாது. நூலை வேலையிடத்துச் சாட்சியங்களின் தொகுப்பாகப் படித்தால் இன்றும் நிற்கும். புள்ளிவிவரமாகப் படித்தால் நிற்காது.

அவர் அனார்க்கிஸ்ட், அதாவது அரசே வேண்டாம் என்பவர் ஆயிற்றே, ஆய்வை நம்பலாமா?

அவர் மறைக்கவில்லை. 2011 இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்தைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். 'கடன்' வெளிவந்ததும் அதே கோடையில்தான். சார்பு வெளிப்படையாக இருப்பதால் எங்கே உஷாராக வேண்டும் என்பது வாசகருக்குத் தெரிகிறது. என் அனுபவத்தில், கள ஆய்வையும் மானிடவியல் மூலங்களையும் பற்றி எழுதும்போது அவர் கெட்டியான ஆள். சமகால அமெரிக்க அரசியல் பற்றி எழுதும்போது வேகம் கூடிவிடும். அங்கே பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பிறகு யாரைப் படிப்பது?

பின்னோக்கிப் போங்கள். ஆசிரியர் சாலின்ஸின் 1972 நூலில் வேட்டைச் சமூகங்கள் பற்றிய முதல் கட்டுரை. இருவரும் சேர்ந்து அரசர்களைப் பற்றி எழுதிய 2017 நூலைப் பதிப்பகமே இலவசமாகப் படிக்கத் தருகிறது. கானாவின் அக்ரா நகரில் கள ஆய்வு செய்து, முறைசாரா வருமானம் என்ற கருத்தை 1973 கட்டுரையில் முன்வைத்த கீத் ஹார்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக மோஸ். கொடை பற்றிய அவருடைய நூல் கைக்கு அடக்கமானது. அடிக்குறிப்புகள் சில பக்கங்களில் உரையையே விழுங்கிவிடும். முதல் முறை அடிக்குறிப்புகளைத் தாண்டிப் படியுங்கள். இரண்டாம் முறை அவற்றை மட்டும் படியுங்கள்.